மூன்றாவது பாட்டில் பத்ரி இல்லை

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பத்ரிநாராயணன் இருக்கிறார். வயது அறுபத்திரண்டு. நான் இரண்டாம் மாடி. அவர் வீட்டுத் தரைதான் எனக்குக் கூரை. காலையில் வேட்டியைக் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். முருங்கைக்காயை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து வாங்குவார். லிஃப்டில் யார் ஏற வந்தாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் செக்‌ஷனில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்.

இந்த மனிதர்தான் தொண்ணூறுகளில் பம்பாயின் மிகச் சத்தமான ராக் பாண்டில் டிரம்ஸ் அடித்தவர் என்று சொன்னால், கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரித்ததில்லை. அவர் பயிற்சி எடுக்கும் நாட்களில் என் வீட்டுச் சமையலறையில் டம்ளர்கள் தாமாக நகர்ந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்ளும்.

அந்த பாண்டின் பெயர் டபுள் ஃபாஸ்ட். சின்ன ஸ்டேஷன்களில் நிற்காமல் பறக்கும் லோக்கல் ரயிலுக்கு எங்கள் ஊரில் வழங்கும் பெயர் அது. தொண்ணூற்று நாலில் ‘ஃபுட்போர்டு’ என்று ஒரு கேசட் போட்டார்கள். மூன்று வருஷம் கழித்து இன்னொன்று. அதற்கடுத்த வருஷம் பாண்ட் கலைந்துபோனது. ஏன் கலைந்தது என்று கேட்டால் நாலு பேரும் நாலு காரணம் சொல்வார்கள். பத்ரி சொல்லும் காரணம், மற்ற மூன்று பேரும் ஒத்திகைக்கு நேரத்துக்கு வரவில்லை என்பது.

அந்தக் காலத்தில் அவருக்குத் தோளைத் தாண்டி முடி. ஆபீசில் அதைக் காலருக்குள் சொருகிக்கொள்வார். மேனேஜர் ஒருநாள் கேட்டுவிட்டார். பத்ரி கொஞ்சமும் யோசிக்காமல், "திருப்பதிக்கு வேண்டுதல் சார்" என்றார். என்ன வேண்டுதல் என்று மேலே கேட்பது மேனேஜருக்கு நாகரிகமாகப் படவில்லை. அந்த வேண்டுதல் எட்டு வருஷம் ஓடியது. பாண்ட் கலைந்த அடுத்த மாதம், சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னோமே என்று உறுத்தி, நிஜமாகவே திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்குப் போன முடி அதற்கப்புறம் ஒழுங்காக முளைக்கவில்லை.

"பெருமாள் மொத்தமா எடுத்துண்டுட்டார். அவர் பேரில தப்பில்லை" என்பார்.

இருபத்தாறு வருஷம் கழித்து பாடகர் ரூபன் டிமெல்லோவிடமிருந்து ஃபோன் வந்தது. ரூபன் இப்போது பாந்த்ராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். மறுபடி ஒரு ஆல்பம் போடலாம் என்றார். பெயரைக்கூட முடிவு செய்திருந்தார்: ‘மெகா பிளாக்’. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்திவைப்பார்களே, அது. இத்தனை வருஷம் நின்றுகிடந்ததற்குப் பொருத்தமான பெயர் என்பது ரூபனின் எண்ணம்.

பத்ரி இரண்டு நாள் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டார். அவர் மனைவி ஷ்யாமளா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"போய்ட்டு வாங்கோ. முட்டிக்குப் போடற உறையை மறக்காதேங்கோ."

செம்பூரில் ஜோயா என்கிற இருபத்தேழு வயதுப் பெண்ணின் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு நடந்தது. ஜோயா நாலு பேரையும் அங்கிள் என்றுதான் கூப்பிட்டாள். இரண்டு பாட்டுகள் நல்லபடியாக முடிந்தன. மூன்றாவது பாட்டின் பெயர் ‘சிக்னல்’. அதில் டிரம்ஸ் அடிப்பவர் இரண்டு காலாலும் இரண்டு பெடலை மாறி மாறி மிதிக்கவேண்டும், நாலு நிமிஷம், ஓடுகிற வண்டியைத் துரத்திப் பிடிக்கிறவன் வேகத்தில். பத்ரியின் வலது முட்டி ஒரு நிமிஷம் பத்து விநாடி தாங்கியது. பிறகு கால் கிளம்ப மறுத்துவிட்டது. ஐந்து தடவை முயற்சி செய்தார். ஐந்து தடவையும் அதே ஒரு நிமிஷம் பத்து விநாடி.

"அங்கிள், டென்ஷன் ஆகாதீங்க" என்றாள் ஜோயா. "நீங்க அடிச்ச சத்தத்தையே துண்டு துண்டா எடுத்து கம்ப்யூட்டர்ல கோத்துடறேன். யாருக்கும் தெரியாது."

பத்ரி ரூபனைப் பார்த்தார். ரூபன் கூரையைப் பார்த்தார். மற்ற இருவரும் தங்கள் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். "சரிம்மா" என்றார் பத்ரி.

வீட்டுக்கு வந்து ஷ்யாமளாவிடம் "ஆயாச்சு" என்றார். எப்படி ஆயிற்று என்று சொல்லவில்லை.

ஆல்பம் மார்ச்சில் இணையத்தில் வந்தது. வந்து மூன்றாம் நாள் பத்ரி என் வீட்டுக்கு இறங்கி வந்தார்.

"சுரேந்திரா, வாட்ஸ்அப்புல நம்ம பாண்டுக்கு ஒரு ரசிகர் குரூப் இருக்காமே. அதுல என்னைச் சேர்த்துவிடேன். எம் பேர் தெரியப்படாது."

குரூப்பின் பெயர் ‘டபுள் ஃபாஸ்ட் பயணிகள் சங்கம்’. முந்நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். ஷ்யாமளாவிடம் ரொம்ப நாளாகச் சும்மாக் கிடந்த ஒரு பழைய நம்பரில் ‘மணி, மாட்டுங்கா’ என்று பெயர் போட்டு அவரைச் சேர்த்துவிட்டேன். இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை ஒளிக்க முடியாது.

குரூப் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பக்கம் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். டபுள் ஃபாஸ்ட் இப்போது எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நிஜ மெகா பிளாக்காவது சாயங்காலம் முடிந்துவிடும், இது முடியவே மாட்டேன் என்கிறது என்று இன்னொருவர். ரூபனின் குரல் பிளாட்பாரம் மாறிவிட்டதாக மூன்றாமவர். எதிர்ப்பக்கம் அவர்களுடைய பிள்ளைகள் வயது. அதன் தலைவி ஆண்டாப் ஹில்லிலிருந்து எழுதும் தமன்னா என்கிற கல்லூரிப் பெண். "உங்க கேசட்டைக் கொண்டுபோய் மியூசியத்துல வைங்க அங்கிள்ஸ். புது ஆல்பம் பழசை விட நல்லா இருக்கு. குறிப்பா மூணாவது பாட்டு" என்று அவள் இந்தியில் எழுதியதற்கு நூற்றுச் சொச்சம் கைதட்டல்.

பத்ரிக்கு அங்கேயே முதல் சங்கடம். தன்னைத் தூக்கிப்பிடிக்கும் பெண், தான் அடிக்காத பாட்டைத் தூக்கிப்பிடிக்கிறாள்.

பழைய ஆட்களின் தலைவர் தாராவியில் தோல் பை, பெல்ட் பட்டறை வைத்திருக்கும் ஜெயினுலாப்தீன். வயது ஐம்பது. பத்ரி அவரோடுதான் முதலில் மோதினார். ‘டிரம்ஸ் பரவாயில்லையே’ என்று அடக்கமாக ஒரு வரி போட்டார். ஜெயினுலாப்தீன் பதில் எழுதவில்லை, பேசி அனுப்பினார். மாட்டுங்கா மணி என்றால் தமிழர்தான் என்று ஊகித்துத் தமிழிலேயே பேசியிருந்தார்.

"மணி அண்ணாச்சி, கோவிச்சுக்காதீய. பத்ரியப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியல. பத்ரி அடிச்சா எடது கை ஒரு மயிரிழை முந்தி விழும். அந்த முந்துததுதான் பத்ரி. இந்த ஆல்பத்துல மத்த பாட்டுல அது இருக்கு, வயசாயிட்டு, பரவால்ல. மூணாவது பாட்டுல இல்ல. மூணாவது பாட்டுல அடிக்கது பத்ரி இல்ல. எழுதி வச்சிக்கிடுங்க."

இந்தப் பேச்சைப் பத்ரி என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து நாலு தடவை கேட்டார். முகம் வெளுத்திருந்தது.

"இதெப்படிக் கண்டுபிடிச்சான்?" என்றார். "ஜோயாவே மறந்திருப்பா."

மறுத்து எழுதச் சொன்னேன். டைப் அடித்தார், அழித்தார். க்ளெய்ம் செக்‌ஷனில் முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் பொய்யைப் பிடித்தவர். தானே ஒன்று சொல்ல வரவில்லை. கடைசியில் ‘இருக்கலாம்’ என்று ஒரே வார்த்தை அனுப்பினார்.

அந்த ஒரு வார்த்தை குரூப்பில் பெரிய விஷயமாகிவிட்டது. எதிர்க்கட்சியிலிருந்து மணியே இந்தப் பக்கம் வந்துவிட்டார் என்று பழைய ஆட்கள் கொண்டாடினார்கள். மேலே விவரம் கேட்டார்கள். அவருக்கு விவரம் தெரியும், அதுதான் வினை. ஐந்தாவது பாட்டில் சிம்பல் தட்டுகளின் சத்தம் தகரம்போலக் கேட்பது ஏன் என்று விளக்கினார். ஏழாவது பாட்டில் ரூபன் மேல்ஸ்தாயிக்குப் போகாமல் பாதி வழியில் இறங்கிவிடுவதைச் சுட்டிக்காட்டினார். எட்டாவது பாட்டு தேவையே இல்லை, இன்னும் ஒரு பாட்டு வேண்டும் என்று யாரோ கட்டாயப்படுத்திச் சேர்த்ததுபோல் இருக்கிறது என்றார். சேர்க்கச் சொன்னது ரூபன். பத்ரி அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியும் யாரும் கேட்கவில்லை. ஆறு மாதமாக மனசுக்குள் வைத்திருந்ததெல்லாம் மணியின் பெயரில் வெளியே வந்து விழுந்தது.

இரண்டே வாரத்தில் மாட்டுங்கா மணி பழைய ஆட்களின் மூளை ஆகிவிட்டார். ஜெயினுலாப்தீன் அவரையும் குரூப்புக்கு ஒரு அட்மின் ஆக்கினார். பத்ரி அதை என்னிடம் சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை நான் கவனித்தேன்.

ரூபனிடமிருந்து ஃபோன் வந்தது அப்போதுதான்.

"பத்ரி, உங்க ஏரியாவுல மணின்னு ஒருத்தன் இருக்கான். நம்மளைக் கிழிச்சுத் தோரணம் கட்டறான். கூட இருந்து பார்த்தவன் மாதிரி எழுதறான். யாருன்னு விசாரிச்சுச் சொல்லு."

"விசாரிக்கறேன்" என்றார் பத்ரி.

ஷ்யாமளாவுக்கு இது தெரிந்தது ஒரு மத்தியானம். பத்ரி குளிக்கப் போனபோது அந்தப் பழைய நம்பருக்கு வரிசையாகச் செய்தி வந்து விழுந்துகொண்டே இருந்தது. என்னவென்று எடுத்துப் பார்த்தவர், அரை மணி நேரம் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டார். என்னையும் மேலே கூப்பிட்டனுப்பினார். பத்ரி ஈரத் துண்டோடு நின்றார்.

"ஏன்னா, ஊர்ல இத்தனை பேர் திட்டறது போறாதுன்னு நீங்களே ஒரு நம்பர் எடுத்துண்டு திட்டிண்டிருக்கேளா?"

"திட்டலை. சரியாச் சொன்னேன்."

"அந்த மூணாவது பாட்டு?"

பத்ரி நடந்ததைச் சொன்னார். ஷ்யாமளா ஃபோனை மேஜைமேல் வைத்தார்.

"எங்கிட்ட ஆயாச்சுன்னேளே."

"ஆயாச்சுன்னுதானே சொன்னேன். நான் அடிச்சேன்னு சொல்லலையே."

"இந்தச் சாமர்த்தியமெல்லாம் உங்க ஆபீசோட போகட்டும்" என்றார் ஷ்யாமளா. "அந்தத் தாராவி மனுஷர் உங்களை நம்பி அத்தனையும் பேசறார். நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்கோ. சுரேந்திரா, நீயும் கூடப் போ. நீதானே சேர்த்துவிட்டே."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சயான் பக்கமாக இறங்கி நடந்து போனோம். பட்டறை ஒரு சந்தின் உள்ளே, மாடியில். எட்டு தையல் மெஷின்கள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பசை வாசனை மூக்கைப் பிடித்தது. ஜெயினுலாப்தீன் நல்ல உயரம், கழுத்தில் அளவு நாடா. மணி அண்ணாச்சி வந்திருக்கிறார் என்று கேட்டதும் இரண்டு கையாலும் பத்ரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. இரிங்க. இவ்வளவு தூரம் வந்திருக்கீய, சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே. கட்டிங் டீ குடிக்கீயளா?"

சுவரில் டபுள் ஃபாஸ்டின் பழைய போஸ்டர் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. பின்வரிசையில் முடியைப் பறக்கவிட்டபடி பத்ரி. அதன் நேர் கீழே பத்ரியை உட்காரவைத்து டீயைக் கொடுத்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"எப்படி உங்களுக்கு இந்தப் பாட்டெல்லாம்?" என்று பத்ரி பேச்சைத் தொடங்கினார்.

"பத்தொம்பது வயசுல இந்தப் பட்டறையில தைக்க உக்காந்தேன். ரேடியோ போடுவாக. எட்டு மெஷின் ஓடுத எடத்துல எந்தப் பாட்டும் காதுல விழாது. யாரோ ஒருத்தன் இந்தக் கேசட்டைக் கொண்டாந்து போட்டான். மெஷினை மீறிக் கேட்டுச்சு. இது ஒண்ணுதான் கேட்டுச்சு. பெறவு இதையேதான் போட்டோம். இங்கிலீசுல என்ன பாடுதாகன்னு இன்னிக்கு வரைக்கும் முழுசாத் தெரியாது."

"மூணாவது பாட்டு பத்ரி இல்லைன்னு எப்படி?"

ஜெயினுலாப்தீன் சிரித்தார்.

"முப்பது வருசமா மெஷின் சத்தத்துலயே இருக்கேன் அண்ணாச்சி. மெஷின் போடுத தையலுக்கும் மனுசன் கை போடுத தையலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? மெஷின் ஒரே மாரி போகும். பத்ரி ஒரே மாரி போகமாட்டாரு. இருங்க, காட்டுதேன்."

தோல் வெட்டும் பலகையில் விரலால் தட்டிக் காட்டினார். ‘ஃபுட்போர்டு’ ஆல்பத்தின் முதல் பாட்டு. அன்போடு தட்டினார், தப்பாகத் தட்டினார். பத்ரி டீயைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். ஜெயினுலாப்தீன் மறுபடி அதே இடத்தில் தப்பாகத் தட்டியதும் அவரால் முடியவில்லை.

"அப்படியில்லை. இடது கையை முன்னாடி விட்டுட்டு வலதைத் தேக்கணும்."

பலகை மேலிருந்த இரண்டு மரச் சுத்தியல்களை எடுத்து, உட்கார்ந்தபடியே பதினைந்து விநாடி அடித்தார். அதற்கு மேல் போகவில்லை. ஜெயினுலாப்தீன் கையை உயர்த்த, மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் போஸ்டரைப் பார்த்தார். பத்ரியின் வழுக்கையைப் பார்த்தார். மறுபடியும் போஸ்டரைப் பார்த்தார்.

"முடி எங்க?"

"திருப்பதியில."

ஜெயினுலாப்தீன் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்குச் சந்தோஷம் வரும் என்று நான் நினைத்தேன். வந்தது கோபம்.

"மூணு வாரமா எங்கூடச் சேந்து உங்க ஆல்பத்தையே ஏசியிருக்கீய."

"நீங்க சொன்னதெல்லாம் நெஜம். அதான்."

"நான் உங்களப் பத்தி உங்ககிட்டயே எவ்வளவு பேசிட்டேன். பத்ரியப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு வேற சொல்லிட்டேன்." வெட்கம் தாங்காமல் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். "அப்ப மூணாவது பாட்டு?"

பத்ரி முட்டியைத் தொட்டுக் காட்டினார். "ஒரு நிமிஷம் பத்து செகண்டு. அதுக்கு மேல கால் வரலை. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டுது. நான் சரின்னேன்."

"சொல்லியிருக்கலாம்லா."

"வெட்கமா இருந்தது."

ஜெயினுலாப்தீன் தலையை ஆட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து ஏதோ அழுத்தினார். பத்ரியின் ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது.

"கோவிச்சுக்காதீய" என்றார். "குரூப்புல இருந்து எடுத்துட்டேன். பாண்டு ஆளுக குரூப்புல இருக்கப்படாதுன்னு ரூல் இருக்கு. ஆளுக மனசு விட்டுப் பேச முடியாதுல்லா. நாந்தான் போட்டேன் அந்த ரூலை."

"நியாயம்தான்" என்றார் பத்ரி. அவருக்கு உள்ளூர வருத்தம். அட்மினாக இருந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

கீழே இறங்கும்போது ஜெயினுலாப்தீன் படி வரை வந்தார். வேறு யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார். சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் பத்ரி வீடு வரும்வரை அந்தச் சொல்லாத பேச்சுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"எல்லா பாண்டும் இப்படித்தான் பண்றா சுரேந்திரா."

பத்தடி நடந்தோம்.

"எல்லாரும் பண்றான்னா சரியாயிடுமா?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

ஆல்பத்துக்கான நிகழ்ச்சி ஏப்ரல் கடைசி ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணிக்குச் செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஏற்பாடாகியிருந்தது. மூன்றாவது பாட்டுக்குக் கம்ப்யூட்டர் சத்தத்தை ஓடவிட்டு, பத்ரி மேலே சும்மா கையை ஆட்டுவதாகத் திட்டம். ஒத்திகையில் பத்ரி மாட்டேன் என்றார்.

"அப்ப அந்தப் பாட்டை விட்டுடலாம்" என்றார் ரூபன்.

"விட வேண்டாம். நான் அடிக்கறேன். என் கால் எந்த வேகத்துல வருதோ அந்த வேகத்துல."

"அது பாட்டா? சவ ஊர்வலம்."

ஜோயாதான் இடையில் பேசினாள். அங்கிள் ஒருமுறை அடித்துக் காட்டட்டும் என்றாள். அடித்தார். ஜோயா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தனக்கு இது பிடித்திருக்கிறது என்றாள். ரூபனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு டிரம்ஸ்காரர் கிடைக்க நாள் இல்லை. அதோடு மணி யார் என்பதையும் பத்ரி அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டார். ரூபன் அதன் பிறகு அவரோடு பாட்டைப் பற்றி மட்டும்தான் பேசினார், அதுவும் ஜோயா மூலமாக.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இருநூறுக்கு மேல் ஆட்கள். இருபது வயதில் வாங்கிய டி-ஷர்ட்டை ஐம்பது வயது வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். தமன்னா தன் கூட்டத்தோடு வலது பக்கம். ஜெயினுலாப்தீன் பட்டறை ஆட்களோடு இடது பக்கம், கையைக் கட்டிக்கொண்டு. ஷ்யாமளா முதல் வரிசையில், இரண்டு காதிலும் பஞ்சு, மடியில் வலிக்குத் தடவும் தைலம். நான் அவர் பக்கத்தில்.

இரண்டு பாட்டு முடிந்தது. ரூபன் மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தபோது பத்ரி டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். டபுள் ஃபாஸ்டின் சரித்திரத்தில் டிரம்ஸ்காரர் மைக்குக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இங்கிலீஷில் தொடங்கி இந்திக்குப் போய் நடுவில் தமிழுக்கு வந்துவிட்டார்.

"ஒரு விஷயத்தை டிக்ளேர் பண்ணணும். ஆல்பத்துல இந்த மூணாவது பாட்டை நான் அடிக்கலை. மெஷின் அடிச்சது. எனக்கு முட்டி வரலை. ஒத்துண்டது நான், மத்தவா பேரில குத்தம் இல்லை. இன்னிக்கு நானே அடிக்கறேன். ஸ்லோவா இருக்கும். பிடிக்கலைன்னா வெளியில வடா இருக்கு."

இதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து யாரோ "தெரியும்" என்று கத்தினார்கள். வலது பக்கத்திலிருந்து "எங்களுக்குக் கவலையில்லை" என்று ஒரு பெண்குரல்.

பாட்டு மெதுவாகத்தான் இருந்தது. முதல் நிமிஷத்திலேயே முப்பது நாற்பது பேர் எழுந்து வடாவுக்குப் போனார்கள். சிலர் போவதா வேண்டாமா என்று கதவருகே நின்றார்கள். பத்ரி கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். வேகம் குறைந்துவிட்டதால் இதுவரை காதில் விழாத ஏதேதோ கேட்டது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு பாரம் தொங்கியது. ரூபனின் குரல்கூட அவசரம் போய், இறங்க வேண்டிய இடத்தில் நிதானமாக இறங்கியது. இரண்டாவது நிமிஷம் தாண்டும்போது ஷ்யாமளா ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். மூன்றாவது நிமிஷத்தில் பத்ரி ஒரு இடத்தில் பட்டவர்த்தனமாகத் தப்பாக அடித்தார். அடித்துவிட்டு, சமாளித்து, பாட்டை முடித்தார். ஆறே முக்கால் நிமிஷம் ஆயிற்று.

கைதட்டல் பலமாக வந்தது, பாதி ஹாலிலிருந்து. மீதிப் பாதி வடாவோடு உள்ளே வந்து என்ன ஆயிற்று என்று விசாரித்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஜெயினுலாப்தீன் மேடைப் பக்கம் வந்தார். பத்ரி ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியில் தைலம் தடவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது சரணத்துக்குப் பெறவு தப்பா அடிச்சீய."

"ஆமா."

"மெஷின் அடிச்சிருந்தா அந்தத் தப்பு வந்திருக்காது."

"வந்திருக்காது."

"ம்" என்றார் ஜெயினுலாப்தீன். கொஞ்ச நேரம் பக்கத்தில் சும்மா நின்றார். பிறகு டிரம்ஸைப் பெட்டியில் வைத்து வேனில் ஏற்றுவதற்குத் தன் ஆட்களைக் கூப்பிட்டார்.

அன்றைக்கே குரூப் மூன்றாகப் பிளந்தது. மெஷின் பாட்டுதான் அசல் என்று ஒரு கட்சி. ஹாலில் அடித்ததுதான் அசல் என்று ஒரு கட்சி; யாரும் எதிர்பாராத விதமாகத் தமன்னா அதற்குத் தலைவியானாள். தொண்ணூற்று நாலுக்குப் பிறகு வந்த எதுவுமே அசல் கிடையாது என்று மூன்றாவது கட்சி. ஜோயா ஹாலில் பதிவு செய்ததை இணையத்தில் ஏற்றி, பழையதை எடுத்துவிட்டாள். மெஷின் கட்சி சண்டைக்கு வந்தது. இரண்டையும் வைத்தாள். இரண்டையும் ஏன் வைத்தாய் என்று மற்ற இரண்டு கட்சிகளும் சண்டைக்கு வந்தன. இந்தக் கலவரத்தில் ஆல்பத்தைக் கேட்டவர்களின் எண்ணிக்கை நாலு மடங்கானது. ரூபன் பதினோரு நாள் கோபமாக இருந்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் பத்ரியை நேராகக் கூப்பிட்டு, எட்டாவது பாட்டு தேவையில்லைதான் என்று ஒப்புக்கொண்டார். டிசம்பரில் புனேயில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது என்றும் சொன்னார்.

பத்ரிக்கு இந்தச் செய்தியெல்லாம் என் மூலமாகத்தான் போகும். நான் குரூப்பில் இருக்கிறேன். ரூல் என்னைத் தொடாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயினுலாப்தீன் மாட்டுங்காவுக்கு வந்தார். கையில் பெரிய பொட்டலம். பிரித்தால், டிரம்ஸுக்கு உட்காரும் ஸ்டூலின் மேல்பாகம். கறுப்புத் தோல், கையால் போட்ட தையல். சாதாரண ஸ்டூலை விட இரண்டு அங்குலம் உயரம். முட்டி அவ்வளவாக மடங்க வேண்டாம் என்று அன்றைக்கு மேடையருகில் நின்றபோதே கண்ணால் அளவெடுத்தாராம். பத்ரி உடனே அதைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார், பொருத்திப் பார்க்க.

ஷ்யாமளா காபி கொண்டுவந்து வைத்தார்.

"வாசனை போயிடுமோ இல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு மாசத்துல போயிரும்மா." ஜெயினுலாப்தீன் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா நெனைக்காதீய. அன்னிக்கு ஹால்ல அடிச்சது வேற. அந்த ஆல்பம் எனக்கு இப்பவும் பிடிக்கல."

ஷ்யாமளா உள்ளறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"எனக்கும்தான்" என்றார். "முதல் ரெண்டு கேசட்டும்கூட எனக்குப் பிடிச்சதில்லை. இவர்ட்ட சொல்லலை."

உள்ளே ஸ்குரூ முடுக்கும் சத்தம் நின்றது.

"காதுல விழறது" என்றார் பத்ரி.